புதன்கிழமைப் பல்செட்

அத்தியாயம் 5

பீங்கான் கிண்ணத்துத் தண்ணீருக்குள் கிடந்தபடி அந்தப் பல்செட் துப்பறியும் லோகநாதனைப் பார்த்துச் சிரித்தது. ஆம்பூரில் அந்தப் பெரிய வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததிலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தது அது ஒன்றுதான். மற்ற எல்லோரும் உம்மென்று இருந்தார்கள்.

"சார், இதுவரைக்கும் நாம விசாரிச்ச ஆசாமிங்கள்லயே இதுக்குத்தான் வாய் ஜாஸ்தி," என்றான் முனீர் அகமது. லோகநாதனின் உதவியாளன். முன்பு ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவன். முதலாளியின் மைத்துனரைப் பற்றி அடித்த ஒரு ஜோக்கில் வேலை போயிற்று. அன்றிலிருந்து அவன் ஜோக்குகளைக் கேட்கும் பொறுப்பு லோகநாதன் தலையில் விழுந்தது.

பல்செட்டின் சொந்தக்காரர் மக்பூல் அகமது ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்கத் தோல் பதனிடும் ஷெட்டில் நின்று தோல்களைத் தரம் பிரித்தவர். மனைவி சுகரா பேகம் இறந்த பிறகு இத்தனை பெரிய வீட்டில் அவரும், சமையல் செய்யும் கோவிந்தம்மாளும்தான். பல்செட் கட்டி ஒரு வருடம் ஆகிறது. வாராவாரம் புதன்கிழமை பஸ் ஏறி வேலூர் போய் அதைச் சரிசெய்துகொண்டு வருகிறார். இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். சனிக்கிழமை ஈறில் புண் வந்துவிடும். அப்புறம் கஞ்சிதான். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"இவதான் சார்," என்றார் மகன் இஷ்தியாக் அகமது. மெட்ராஸ் பெரியமேட்டில் தோல் வியாபாரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, வந்த வேகத்தில் கோபப்பட்டுவிட்டுப் போகிறவர். அவர் விரல் சமையலறை வாசலில் நின்றிருந்த கோவிந்தம்மாளைக் காட்டியது. "ராத்திரி கிண்ணத்துல சுடுதண்ணி ஊத்தறா. இல்லாட்டி எதையாவது வெச்சுத் தேய்க்கறா. அப்பா படுத்தே கெடக்கணும், வீட்டுச் சாவி இவ இடுப்புல இருக்கணும், அவ்ளோதான். நாளன்னைக்குக் காலைல நான் ஊருக்குக் கெளம்பறேன். அதுக்கு முன்னாடி இவ கெளம்பணும். எனக்கு ஆதாரம் மட்டும் குடுங்க."

கோவிந்தம்மாள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அணைக்கட்டு என்ற ஊரில் ஒரு தம்பி இருக்கிறான், அவன் பெண்டாட்டி வாசலில் வைத்தே பேசி அனுப்புகிற ரகம். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் பஸ் ஸ்டாண்டுதான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்கும் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எதுலேர்ந்து எடுக்கறீங்கம்மா?" என்று கேட்டார் லோகநாதன்.

"பானையிலேர்ந்துதான் சார். சுடுதண்ணி ஊத்தினா வளைஞ்சி பூடும்னு அந்த டாக்டரு சொல்லிக்கீறாரு. காய வெச்சாலும் கோணிக்குமாம். அதான் ராவெல்லாம் தண்ணியிலயே கெடக்கும். காலைல சோப்பு போட்டு மெத்துனு பிரஷ்ல தேய்ப்பேன். தேய்க்கறப்ப கீழ ஒரு சட்டி நெறைய தண்ணி வெச்சிக்குவேன். கை நழுவினாலும் ஒடையாது இல்ல."

குற்றவாளி இத்தனை பொறுப்பாகப் பேசி லோகநாதன் கேட்டதில்லை. அவர் தன் தோல் பையை மேஜைமேல் வைத்துப் பூதக்கண்ணாடியைத் தேடினார். மக்பூல் அகமதின் கை தானாக அந்தப் பைமேல் போயிற்று. கண்ணில் புரை விழுந்திருந்தாலும் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

"எருமைத் தோல். நல்லாப் பதப்படுத்திக்கீறான். இங்க மட்டும் ஒரு உண்ணி கடிச்சிருக்கு," என்றார். வந்ததிலிருந்து அவர் பேசியது அவ்வளவுதான்.

லோகநாதன் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் ஊசி முனை அளவுக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

"சாச்சா, அந்த உண்ணி இப்ப எங்க கீதுன்னு சொல்லிட்டா, எங்க சார் ஆபீஸை உங்களுக்கே எழுதி வெச்சிருவாரு," என்றான் முனீர். பெரியவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பல் இல்லாததால் அது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

லோகநாதன் பல்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. போலீஸில் இருந்த காலத்தில் சைக்கிள் திருடன் ஒருவன் முழங்கையால் இடித்து முன்பல் இரண்டை எடுத்துவிட்டான். அந்த இரண்டும் இப்போது ஒரு சின்னத் தகட்டில்தான் இருக்கின்றன. வளைந்த தகடு வாய் முழுக்க ஆடும், ஒரே இடத்தில் மட்டும் குத்தாது. ஆக, சுடுதண்ணீர் இல்லை. தேய்த்த கீறலும் எங்கும் இல்லை. ஆனால் கீழ்த் தகட்டின் உள்விளிம்பில், இடப்பக்கம், கசகசா அளவுக்கு ஒரு மேடு இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கிய ரோஸ், அந்தக் கசகசா மட்டும் புது ரோஸ். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"முனீர், வீட்டுல இருக்கறவங்களால ஒரு பல்செட்டைத் தேய்க்க முடியும், ஒடைக்க முடியும், ஒளிச்சு வெக்க முடியும். எது முடியாது?"

"அதைப் போட்டுக்கினு எங்க மாமியாரைச் சிரிக்க வெக்க முடியாது."

"வளர வெக்க முடியாது. இது வளர்ந்திருக்கு. இதை ஒட்டணும்னா பல் கட்டுறவன் பவுடரும் திராவகமும் வேணும்."

இஷ்தியாக் அகமது அதைக் கேட்டு அசைந்து கொடுக்கவில்லை. "அந்த டாக்டர் எதுக்கு சார் பண்ணப் போறான்? சரிபண்றதுக்கு அவன் காசுகூட வாங்கறதில்ல. அவன்தான் பண்ணான்னா ஏன் பண்ணான்னு காரணம் கொண்டாங்க, நம்பறேன். இல்லேன்னா நாளன்னைக்கு இவ பெட்டி வெளிய."

மக்பூல் அகமது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தம்மாள் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பானையிலிருந்து புதுத் தண்ணீர் மொண்டு ஊற்றி வைத்தாள்.

*

மறுநாள் புதன்கிழமை. வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், ஒரு கயிற்றுக் கடைக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் நடுவே வீரபாகுவின் பல் கட்டும் கடை இருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் முருகன் படம், பின்னால் திரை போட்ட ஒரு தடுப்பு. வருகிறவர்களை விடக் கண்ணாடி அலமாரியில் சிரித்த மாதிரிப் பற்கள்தான் அதிகம்.

லோகநாதன் தன் இரண்டு பல்லையே காரணமாக வைத்து உள்ளே போனார். வீரபாகு அறுபத்தைந்து வயது மனிதர். சட்டையில் ஒரு பொத்தான் வேறு கலரில் இருந்தது. தகட்டை வாங்கி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கட்டி ஏழெட்டு வருஷம் இருக்குமா?"

"இருக்கும்."

"அதான் ஆடுது. ஈறு வத்தும் சார், பல்செட் வத்தாது. நாளாக நாளாக நடுவுல சந்து விழுந்துரும். நாமதான் அடியில பூசிப் பூசி அதைக் கூட்டிப் போகணும்." அவர் குரலில் அவசரமே இல்லை. "வீட்டுல சமையல் யாரு? கடினமானதா குடுக்கறாங்களா?"

"மெஸ்தான்."

"ஓ. தனியாவா இருக்கீங்க?"

"தனியாத்தான்."

வீரபாகு மேலே கேட்கவில்லை. "ஒக்காருங்க, பூசி எடுத்தாறேன்," என்று திரைக்குப் பின்னால் போனார்.

லோகநாதன் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார், தயவுபண்ணி இப்ப யாரையும் மெரட்டிடாதீங்க," என்றான் முனீர் கிசுகிசுப்பாக. "குற்றவாளி சிரிச்சே செத்துருவான், கேஸ் நம்ம மேல வந்துரும்."

பிறகு அவன் பார்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இன்னா?" என்றார் லோகநாதன் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"முருகன் படத்துக்குப் பக்கத்துல பாருங்க. சுருட்டி வெச்சிருக்கறது ஜானமாஸ் சார். நாங்க தொழுகைக்கு விரிக்கிற பாய். கடை முழுக்கத் தூசி. அதுல மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்ல." அதற்கு மேல் அவனுக்கு ஜோக் வரவில்லை.

கால்மணி நேரத்தில் வீரபாகு தகட்டைக் கழுவிக்கொண்டு வந்து பொருத்தினார். பல வருடங்களுக்குப் பிறகு லோகநாதனின் பல் அவருடைய பல்லாகவே இருந்தது. "ரெண்டு நாள் கழிச்சு எங்கயாவது குத்தினா கூச்சப்படாம வாங்க. வெள்ளிக்கிழமைல கடை காலியாத்தான் கெடக்கும்," என்றார் வீரபாகு. காசு எடுத்தபோது வேண்டாமென்று கையை ஆட்டினார்.

அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மக்பூல் அகமது வந்துவிட்டார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லி மூலையில் பேப்பரை விரித்துக்கொண்ட லோகநாதனும் முனீரும் அவருடைய புரை விழுந்த கண்ணுக்குத் தெரியவில்லை. வீரபாகு ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் படியேற்றி, நாற்காலியில் ஒரு திண்டை வைத்து உட்கார வைத்தார். நேற்று உண்ணியைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாத மனிதர் இன்று மடை திறந்தது போலப் பேசினார்.

"ஜன்னல் சீட்டு கெடச்சுது டாக்டரே. பள்ளிகொண்டா வரைக்கும் ஒரு குழந்தை என் மடியிலயே தூங்கிக்கினு வந்துச்சு."

"அட. தாயி ஒண்ணும் சொல்லலியா?"

"அவளும் தூங்கிட்டா. நான்தான் ரெண்டு பேருக்கும் காவல்."

பாலாற்றில் தண்ணீர் இல்லாதது, கண்டக்டரின் புது மீசை, வீரபாகுவின் பிள்ளை பிலாயிலிருந்து பொங்கலுக்கு வராதது, இஷ்தியாக் வந்தும் பேசாதது என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. பல்லைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. பல்செட் ஈரத்துணியில் சுற்றியபடி மேஜைமேல் கிடந்தது. வெகுநேரம் கழித்துத்தான் வீரபாகு அதை ஞாபகம் வந்தவர் போல எடுத்தார். நனைத்தால் ஊதா மை வருகிற காப்பியிங் பென்சிலை ஈரமாக்கி ஈறில் புண் இருந்த இடத்தில் பொட்டு வைத்தார். செட்டைப் போட்டு எடுத்ததும் குத்துகிற இடத்தில் ஊதா ஒட்டிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து மேஜைமேல் தயாராக வைத்தார்.

"சரி பண்ணதும் வழக்கம்போல ஆளுக்குப் பாதி. கடிபட்டா செட்டு பாஸ்."

லோகநாதனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷம்தான் இல்லை. தன் அறையின் பூட்டும், அதைத் திறந்ததும் வருகிற அடைத்த காற்றும் ஏனோ ஞாபகத்துக்கு வந்தன.

"சார், உட்டுடலாமா?" என்றான் முனீர் மெதுவாக.

"உட்டா நாளைக்குக் காலைல கோவிந்தம்மா பஸ் ஸ்டாண்டுல நிப்பா," என்று சொல்லிவிட்டு லோகநாதன் பேப்பரை மடித்து எழுந்தார்.

"வீரபாகு சார், ஊதா ஒட்டின இடத்துல ஒரு கசகசா இருக்கு. போன புதன்கிழமை நீங்க ஒட்டினது. இதைத் தேய்ச்சிட்டு, அந்தப் பக்கம் ஒண்ணு ஒட்டுவீங்க. அடுத்த வாரம் பாய் திரும்ப வருவாரு. சரிதானா?"

வீரபாகுவின் கையிலிருந்த அரம் மேஜையில் விழுந்தது. அவர் மறுக்கவில்லை. தன்னிடமிருந்த கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான் என்பது போல ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல் தடவை நெசமாவே கைத்தப்பு சார். துளி ஒட்டிக்கிட்டது கவனிக்கல. அதுக்காக பாய் திரும்பி வந்தாரு. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம். அவரு போனப்புறம் கடையில ஒக்கார முடியல. எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டறாங்க, இங்க வாரத்துக்கு ஒருத்தர் வந்தா அதிகம். அடுத்த தடவை..." குரல் இறங்கியது. "அடுத்த தடவை கை தப்பல. புண்ணு இந்த அளவுக்கு வரும்னு நினைக்கல பாய். கஞ்சி குடிக்கிறீங்கன்னு நீங்க ஒரு வாட்டிகூடச் சொல்லல."

முனீர் மக்பூல் அகமதைப் பார்த்தான். பெரியவர் கோபத்தில் எழுந்து நிற்பார், கையிலிருந்த குடையாவது பறக்கும் என்று எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை.

லோகநாதன் தன் தோல் பையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"உண்ணி கடிச்ச இடத்தைத் தடவியே கண்டுபிடிச்சீங்க பாய். அந்தக் கட்டைவிரலுக்கு இந்தக் கசகசா தட்டுப்படாம இருக்காது. உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

கடைக்கு வெளியே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"மொதல் வாரமே தெரியும்," என்றார் பெரியவர்.

வீரபாகு நிமிர்ந்து பார்த்தார்.

"நெயில் கட்டர்ல அரம் கீது. நானே ரெண்டு இழுப்பு இழுத்தா போய்டும். தேய்ச்சிட்டு அப்புறம் இன்னான்னு சொல்லிக்கினு பஸ் ஏறுவேன்?"

"சும்மா வர வேண்டியதுதானே சாச்சா," என்றான் முனீர்.

"சும்மா எப்படிப்பா வர்றது? வெட்டியா வந்து ஒருத்தர் கடையில குந்தினா இன்னா நெனைப்பாங்க? வயசானவன் வெளியே போனா மருந்துக்குப் போகணும், மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போகணும். பேசறதுக்குப் போறேன்னு சொன்னா வெக்கமா இருக்காதா?"

"கோவிந்தம்மா?" என்றார் லோகநாதன். அந்த ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

பெரியவரின் கை பையின்மேல் அலைந்தது. "சொல்லணும், சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்து அவ மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் ஜன்னலப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு புதன்கிழமை, இன்னும் ஒரு புதன்கிழமைன்னு தள்ளிக்கினே போயிட்டேன். தப்புதான். டாக்டரு பண்ணது பாதித் தப்பு. தெரிஞ்சே வாய மூடிக்கினு இருந்தது முழுத் தப்பு."

வீரபாகு அரத்தை எடுத்துக் கசகசாவைத் தேய்த்தார். இம்முறை எதையும் ஒட்டவில்லை. துணியால் வழவழவென்று துடைத்து, பெரியவர் கையிலேயே கொடுத்தார். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்து எங்கும் நிற்காமல் முடிந்தது.

"இனிமே வலிக்காது பாய்," என்றார் வீரபாகு. நல்ல சேதியை இத்தனை துக்கமாக ஒருவர் சொல்லி லோகநாதன் கேட்டதில்லை. முறுக்கு உடைபடாமல் மேஜைமேலேயே கிடந்தது.

*

ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் மக்பூல் அகமது மகனை உட்காரச் சொன்னார். தான் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். லோகநாதன் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

இஷ்தியாக் அகமதின் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் தரையைப் பார்த்தது. "பேச ஆள் வேணும்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா," என்றார்.

"பண்ணேன். மூணு நிமிஷம் ஆனதும் நீதான் அப்புறம் பேசறேன்னு வெச்சிருவே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கோவிந்தம்மாள் பக்கம் திரும்பாமலே, "இருக்கட்டும். இருந்துக்கட்டும்," என்றார் இஷ்தியாக். தப்பு செய்த பணக்காரர்கள் கேட்கிற மன்னிப்பு பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

பெரியவர் சமையலறை வாசலுக்குப் போனார். "கோவிந்தம்மா, அடுத்த புதன்கிழமை நான் வேலூர் போகல. அந்த டாக்டரை இங்க வரச் சொல்லிக்கீறேன். பிரியாணி செய்யி. இனிமே கடிச்சுத் தின்னலாம்."

கோவிந்தம்மாள் அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். இரண்டு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"வரட்டும் ஐயா. செய்றேன். ஆனா மத்த ஆறு நாளும் நான் இங்கதான இருந்தேன். அம்மா போனதுலேர்ந்து இந்த வீட்டுல என் குரலை நானே கேட்டதில்ல. குழம்பு ஊத்தட்டுமா, போதுமா, இதான் நாம பேசற பேச்சு. பேசறதுக்குன்னு பஸ் ஏறிப் போனீங்களே, இந்த வாசப்படியத் தாண்டி வர முடியலியா உங்களுக்கு?"

மக்பூல் அகமது வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் சமையலறைக்குள் இருந்த ஒரு முக்காலியைத் துழாவி இழுத்து, மெதுவாக உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பது அவள் பதறிப்போய் முக்காலியைத் துடைக்க வந்ததிலிருந்து தெரிந்தது.

லோகநாதன் முனீரைத் தொட்டு, போகலாம் என்று ஜாடை காட்டினார்.

வேலூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் முனீர்தான் பேசினான். இறங்கியதும், "வீட்டுக்கு வாங்க சார், நம்ம வீட்டுல இன்னிக்குக் கறி," என்றான். எப்போதும் சொல்வதுதான். லோகநாதன் எப்போதும் போல வேலை இருக்கிறது என்றார். வேலை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மெஸ் பார்சலைப் பிரித்து ஜன்னலருகே வைத்துக்கொண்டு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. இரண்டாவது கவளத்தில் நாக்கு எதிலோ தட்டியது. நிறுத்தி, மறுபடி தடவிப் பார்த்தார். பல்லுக்குப் பின்னால், தகட்டின் ஓரத்தில், நேற்று வரை இல்லாத ஒன்று இருந்தது. தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

கசகசா அளவு. புது ரோஸ்.

காலையில் பிடிபடுவதற்கு முன்னால் அந்த மனிதர் திரைக்குப் பின்னால் செய்த வேலை. மெஸ்தான், தனியாத்தான் என்ற இரண்டு பதில்களே அவருக்குப் போதுமாக இருந்திருக்கின்றன. எத்தனையோ பேரை விசாரித்த லோகநாதனை இத்தனை சுருக்கமாக யாரும் விசாரித்துக் கண்டுபிடித்ததில்லை.

மேஜை இழுப்பறையில் நகம் வெட்டி இருந்தது. அதில் அரமும் இருந்தது. இரண்டு இழுப்புப் போதும்.

லோகநாதன் இழுப்பறையை மூடினார். தகட்டைக் கழுவி, ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தார். நாளைக்கு வியாழன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, அவருக்கும் அன்று வேலை ஒன்றும் இல்லை.